கழுதை ஏற்றத்தில் தலவாக்கலை

1

நான் மேடை ஏறி, வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு ஒரு வருடம் ஆகிறது. என் வயதுப் பெண்களில் மூன்று பேர் மட்டுமே முடித்த ஒரு சைக்கிள் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன் என்று ஏற்றினார்கள். சிரிக்க வேண்டாம். அந்த மூன்றாம் இடத்துக்காகத் திராட்சைத் தோட்டங்களுக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் நடுவே ஐம்பத்தெட்டு கிலோமீற்றர் கிரவல் பாதையில் மிதித்திருக்கிறேன். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நாற்பத்தொரு வயது வரை எனக்குச் சைக்கிளில் ஏறி உட்காரவே தெரியாது.

என் பெயர் தவமணி. இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில் பிறந்தேன். சரிவின் அடியில் இருக்கும் வரிசை வீடுகளுக்கு அப்படிப் பெயர். பிறந்த இடத்தை இப்படி வெளிப்படையாக எழுத எனக்கு இருபது வருடம் பிடித்தது.

இப்போது பிரான்சின் தெற்கே, மத்தியதரைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னக் கிராமத்தில் இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் திராட்சைக் கொடிகள். அவற்றுக்கு மேலே வெள்ளைக் கல்லும் காட்டுப் புதரும் மூடிய குன்றுகள். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது என் வேலை. அந்த வீடுகள் எல்லாம் தோட்டங்களுக்கு நடுவே, ஒன்றிலிருந்து இன்னொன்று மூன்று நான்கு கிலோமீற்றர் தள்ளி இருக்கின்றன. கார் ஓட்டும் அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றேன். அந்தக் கேள்விகள் வாகனத்தைப் பற்றியவை அல்ல, பிரெஞ்சு இலக்கணத்தைப் பற்றியவை என்றுதான் இன்றும் நம்புகிறேன். இருந்த ஒரே பஸ்ஸும் நின்றுபோனபோது வேலையிடத்தில் கேட்டார்கள், "சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று. தெரியும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன்.

2

என் கணவர் சிவநேசன் யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைப் பக்கத்துக்காரர். அவருடைய ஊரில் கோயிலுக்கும் சைக்கிள், கல்யாணத்துக்கும் சைக்கிள். எங்கள் மலையில் அதற்கு என்ன வேலை? பாதி வழி தள்ளிக்கொண்டு ஏறி, மீதி வழி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஒரு பொருளை யாரும் வீட்டில் வைத்திருக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் போனது நடந்து. பிறகு கொழுந்து பறிக்கப் போனதும் நடந்து.

என் அழுகை முடிந்ததும் அவர் பக்கத்து வீட்டில் ஒரு பழைய சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்தார். ஞாயிறு காலையில் சுப்பர்மார்க்கட்டின் கார் நிறுத்தும் இடம் வெறுமையாகக் கிடக்கும். அங்கே ஆரம்பித்தோம்.

"நீர் நிலத்தைப் பாக்காதையும். தூரத்தைப் பாரும்."

"விழுந்துருவேங்க."

"விழுவீர்தான். விழாமல் ஆர் பழகினது? எங்கட ஊரில பிள்ளையள் நடக்க முந்திச் சைக்கிள் ஓடப் பழகியிடுவினம்."

எங்கள் மகள் நிலானிக்கு அப்போது பதினொரு வயது. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தூண் மறைவில் நின்றாள். நான் விழுந்தேன். ஐந்தாவது ஞாயிறு விழவில்லை.

ஒரு மாதம் கழித்து இருவரும் கிராமத்துக்கு மேலே உள்ள குன்றுக்குப் போனோம். முதல் வளைவிலேயே அவர் இறங்கிவிட்டார். முகம் சிவந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"இஞ்ச ஏற்றமெல்லோ," என்றார், யாரோ ஏமாற்றிவிட்டது போல. "எங்கட ஊரில ஏற்றமே இல்லையப்பா."

நான் நிற்கவில்லை. நிற்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. தொடையும் மூச்சும் ஏற்கெனவே ஏதோ ஒரு கணக்குக்குள் போய்விட்டிருந்தன. மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவர் கீழே ஒரு புள்ளியாகத் தெரிந்தார். இந்த நாட்டில் ஒரு விஷயத்தை அவரை விட நான் நன்றாகச் செய்தது அன்றுதான் முதல் தடவை. உரக்கச் சிரித்தேன். கேட்க யாரும் இல்லை.

சாலை வழியாகப் போனால் சுற்று. தோட்டங்களுக்கு உள்ளே டிராக்டர் போகும் கல் பாதைகள் இருந்தன. அவற்றில் போய்ப் போய் டயர் வாரம் ஒரு தடவை பஞ்சரானது. என்னோடு வேலை செய்யும் சொஃபி அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு வேண்டியது கிரவல்," என்றாள்.

"கிரவலா?"

"ஆமாம், கிரவல். அகலமான டயர், வளைந்த கைப்பிடி. கல்லிலும் மண்ணிலும் போகும் சைக்கிள்."

பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள், நாக்கைச் சுழற்றி, பெரிய விஷயம் போல. எங்கள் தோட்டத்தில் மழைக்குப் பிறகு பள்ளத்தை நிரப்ப லொறியில் கொண்டுவந்து கொட்டுவதன் பெயர் அது. இந்த மொழியில் வகுப்பு எதற்கும் போகாமல் எனக்குத் தெரிந்திருந்த ஒரே சொல். அந்தக் கோடையிலேயே சொஃபியின் அண்ணன் ஓட்டாமல் போட்டு வைத்திருந்த கிரவல் சைக்கிள் என் கைக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியே ஒரு விளையாட்டானது. காலை ஏழு மணிக்குக் கொடிகளுக்கு நடுவே, காட்டுப் புதினாவையும் தைம் செடியையும் டயர் நசுக்கும் மணத்தில், மூன்று வீடுகளுக்கு மூன்று குன்றுகள்.

3

இனி அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டும்.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தபோது சிவநேசனைச் சந்தித்தேன். அவர் பிரான்சுக்குப் போய், சில வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்கட சொந்தக்காரர் கேட்டால், கண்டி எண்டு சொல்லும். தோட்டம் எண்டு சொன்னால் கதைப்பினம். உமக்காகத்தான் சொல்லுறன்."

கெட்ட மனிதர் அல்ல. பயந்த மனிதர். நானும் பயந்தவள்தான், ஒப்புக்கொண்டேன். வெளியே போனால் "எண்டு" போட்டுப் பேசப் பழகினேன். "நாங்க வந்தோம்" என்று வாயில் வருவதை "நாங்கள் வந்தனாங்கள்" என்று மாற்றிக்கொண்டேன். கண்டியில் எந்தத் தெரு என்று கேட்டால் சொல்ல ஒரு தெருவும் வைத்திருந்தேன்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைப் பார்த்த அலுவலர் பெண் புருவத்தைச் சுருக்கினார். பிறந்த இடம் என்று தோட்டத்தின் பெயரும் அதன் கீழ்ப் பிரிவும் போட்டிருந்தது. தோட்டப் பிரிவை நாங்கள் டிவிஷன் என்போம். மொழிபெயர்த்தவர் அப்படியே எழுதிவிட்டார்.

"டிவிஷன்? உங்கள் அப்பா இராணுவத்திலா?"

இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் காதருகே குனிந்து, "தோட்டமோ அக்கா?" என்று கேட்டார். அவருக்கும் இல்லை என்று தலையாட்டினேன். பிறந்த மண்ணிலேயே பிரஜாவுரிமைக்காகப் பாதி ஆயுள் காத்திருந்தவர் என் அப்பா. அவருடைய மகள் இன்னொரு நாட்டின் குடியுரிமை மேசையில் அவரை மறுத்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்தக் கிராமத்துக்குக் குடிவந்த முதல் வருடம் திராட்சை அறுவடைக்குப் போனேன். ஆளுக்கு ஒரு நிரை. முதுகை வளைத்து, கையை உள்ளே விட்டு, குலையை வெட்டி, வாளியில் போட்டு நகர வேண்டும். பின்னால் ஒருவர் நடந்து வந்து விட்டுப்போன குலைகளைக் காட்டுவார். அவருக்கு மனதுக்குள் கங்காணி என்று பெயர் வைத்தேன். மதியத்துக்குள் என் நிரை முடிந்து பக்கத்து நிரையில் பாதியும் முடிந்திருந்தது. "எங்கே பழகினாய்?" என்று கேட்டார்கள். "வீட்டுத் தோட்டத்தில்," என்றேன்.

ஒரு விசேஷத்தில் கணவரின் மாமி ஒருவர், பாரிஸில் இருப்பவர், வேறு யாரோ ஒரு மருமகளைப் பற்றிச் சொன்னார்: "தோட்டக்காட்டுப் பெட்டையாம். பாருங்கோவன், எப்பிடி மறைச்சுக் கட்டி வைச்சிருக்கினம்." நான் அப்போது எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமிக்கும் கொடுத்தேன். "நல்ல சாயம், பிள்ளை," என்றார்.

4

எங்கள் கிராமத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு கிரவல் ஓட்டம் நடக்கும். பெரிய பந்தயம் அல்ல. மாலை நான்கு மணிக்குள் சதுக்கத்துக்குத் திரும்பினால் முடித்ததாகக் கணக்கு. ஆனால் கடைசியில், கால்கள் செத்த பிறகு, ஒரு குன்று வரும். அதன் பெயர் கழுதை ஏற்றம். முன்பு கழுதைகள் திராட்சைக் கூடைகளோடு ஏறிய பாதை.

இரண்டு வருடம் முன்பு சொஃபியின் பேச்சைக் கேட்டுச் சேர்ந்தேன். கழுதை ஏற்றத்தின் நடுவில் பின்சக்கரம் சறுக்கி, விலாப் பக்கமாக விழுந்தேன். எழுந்து தள்ளிக்கொண்டு நடந்தேன். நான்கு மணி தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு வேன் வந்து ஏற்றிக்கொண்டது. இங்கே அதைத் துடைப்ப வண்டி என்கிறார்கள், கடைசியில் கிடப்பவர்களைக் கூட்டி அள்ளுவதால். அதில் உட்கார்ந்து சதுக்கத்துக்கு வந்தேன். நிலானி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த இலையுதிர் காலத்தில் அவளுடைய வகுப்பில் குடும்பத்தின் வேர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அவள் என்னிடம் கேட்கவில்லை. என் போனை எடுத்து நேரே என் அக்கா சரோஜாவுக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அக்கா இன்னும் அதே தோட்டத்தில்தான் கொழுந்து பறிக்கிறார். மலையிலிருந்து இறங்கி வந்த நேரம். தலையில் கட்டிய துணியும் முதுகில் கூடையுமாக லயத்து வாசலில் நின்று பேசியிருக்கிறார்.

நான் வேலையிலிருந்து வந்தபோது நிலானி சமையலறை மேசையில் காத்திருந்தாள்.

"கண்டி எங்க இருக்கு, அம்மா?"

நான் கைப்பையைக் கதவருகே இறக்கி வைத்தேன்.

"பெரியம்மா சொன்னவ, நீங்கள் கண்டியில ஒரு நாளும் இருக்கேல்லையாம். ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"ஒனக்காகத்தான்..." என்று ஆரம்பித்தேன். என் கணவரின் வாக்கியம் என் வாயில் வந்ததைக் கேட்டு நானே நிறுத்திக்கொண்டேன்.

"தேயிலை பிடுங்கினது வெக்கமில்லை," என்றாள். கோபத்தில் அவளுடைய தமிழ் உடைந்து பாதி பிரெஞ்சாகிவிட்டது. "நான் ஆர் எண்டு எனக்கே பொய் சொன்னீங்கள். அதுதான் வெக்கம்."

பிறகு பல வாரம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் பிரெஞ்சில். நான் பிரெஞ்சில் தடுமாறும்போது முன்பெல்லாம் திருத்துவாள். இப்போது திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதுதான் அதிகம் வலித்தது.

5

அடுத்த ஓட்டத்துக்கான படிவம் வந்தது. பெயர், வயது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. பிறகு ஒரு கட்டம்: "கழகம் அல்லது ஊர்." முதல் வருடம் இந்தக் கிராமத்தின் பெயரை எழுதியிருந்தேன். இந்த முறை பேனாவை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெரிய எழுத்தில், இடைவெளி விட்டு விட்டு, தலவாக்கலை என்று பிரெஞ்சு எழுத்துகளில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

கூடவே மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். கிராமத்து டாக்டர் என் மூச்சைக் கேட்டார், இரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு கேட்டார், "கோத் வலிக்கிறதா?"

கோத் என்றால் ஏற்றம். சைக்கிள்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் சொல். டாக்டர் என் பயத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"இல்லை டாக்டர்," என்றேன். "கோத் எனக்குப் பிடிக்கும். நான் பிறந்ததே கோத்தில்தான்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். விலா எலும்புக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் முந்தின வருடம் விழுந்த விலாவைத்தான் அவர் விசாரித்திருக்கிறார்.

"விலாவிலிருந்து பிறந்த பெண்ணை வேதாகமத்தில்தான் படித்திருக்கிறேன்," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "போய் ஏறுங்கள்."

6

ஓட்டத்துக்கு முந்தின நாள் பாரிஸ் மாமி குடும்பத்தோடு வந்து இறங்கினார். நீண்ட விடுமுறை, கடல் பார்க்க வருகிறார்கள் என்று கணவர் கடைசி நேரத்தில்தான் சொன்னார். என் படிவத்தில் இருந்ததை அப்போது அவரிடம் சொன்னேன். கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒலிபெருக்கியில ஊரைச் சொல்லுவினமே?"

"சொல்லுவாங்க."

"மாமி நிப்பா."

"நிக்கட்டும்."

காலையில் நான் எழுந்தபோது என் சைக்கிளின் சங்கிலி எண்ணெய் போட்டுத் துடைக்கப்பட்டிருந்தது. டயரில் காற்றும் பார்த்திருந்தார்.

கிளம்பும்போது வடக்கிலிருந்து காற்று வீசியது. சொஃபி முதல் பத்து கிலோமீற்றர் என்னோடு வந்துவிட்டு, அவளுடைய வேகத்துக்குப் போய்விட்டாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கொடிகள் புதிதாகத் துளிர்த்திருந்தன. வெயில் பட்ட இளம் பச்சை, நிரை நிரையாகச் சரிவில் ஏறி இறங்கியது. ஒலிவ் மரங்களின் நடுவே ஒரு பாதை, வற்றிப்போன ஆற்றில் உருளைக் கற்கள், ஒரு பழைய கல் பாலம். கற்கள் டயருக்கு அடியில் பொரிந்தன. இறக்கத்தில் கைகள் தோள் வரை அதிர்ந்தன. முப்பதாவது கிலோமீற்றரில் தண்ணீர் மேசையில் இருந்தவர், "அம்மா, கொஞ்சம் மெதுவாக," என்றார். அப்படி ஒரு வார்த்தையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை.

கழுதை ஏற்றத்தின் அடிக்கு வந்தபோது மூன்றரை மணி.

முந்தின வருடம் செய்த தவறு எனக்குத் தெரிந்திருந்தது. அன்று மேலே, உச்சியில் இருக்கும் சிலுவையைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன், அது கிட்ட வரவே இல்லை. கொழுந்துக் கூடையோடு மலை ஏறும்போது யாரும் உச்சியைப் பார்ப்பதில்லை. நான் வேலைக்குப் போன முதல் வாரம் மேலே பார்த்து மலைத்து நின்றபோது சரோஜா அக்கா பின்னாலிருந்து அதட்டினார்: "மேல என்னாடி இருக்கு? அடுத்த செடியப் பாரு." அவர் என்னை விட இரண்டு வயதுதான் மூத்தவர். அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கொடியைப் பார்த்தேன். பிறகு அதற்கு அடுத்த கொடி. சின்னக் கியரில், பின்சக்கரம் சறுக்காதபடி உடம்பைச் சீட்டிலேயே பின்னுக்கு வைத்து, வளைந்து வளைந்து. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. எனக்கு முன்னால் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், இறங்கித் தள்ளத் தொடங்கினான். அவனைத் தாண்டினேன். முந்தின வருடம் விழுந்த இடம் வந்தது. அந்தக் கல்லைக்கூட அடையாளம் தெரிந்தது. அதையும் தாண்டினேன்.

கடைசி வளைவில் நிலானி நின்றாள். வருவாள் என்று எனக்குத் தெரியாது. கையில் ஒரு அட்டைப் பெட்டியின் பக்கத்தைப் பிடித்திருந்தாள். அதில் தடித்த பேனாவால், தமிழில், நடுங்கும் எழுத்தில்: "தலவாகலை."

ஒரு "க்" இல்லை. எனக்கு மூச்சு இருந்திருந்தால் திருத்தியிருப்பேன்.

"உங்கட பேர் லிஸ்டில பாத்தனான்!" என்று கத்தினாள். "ஊரும் பாத்தனான்! போங்கோ அம்மா, இருபது நிமிசம் இருக்கு!"

அட்டையைத் தூக்கிக்கொண்டு உச்சி வரை பக்கத்திலேயே ஓடி வந்தாள். செருப்பு ஒன்று கழன்றுவிட்டது, எடுக்க நிற்கவில்லை. உச்சிக்கு அப்பால் சதுக்கம் வரை இறக்கம்தான். அந்த இறக்கத்தில் நான் பிரேக்கைத் தொட்டதாக நினைவில்லை.

7

நான்கு மணிக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. மொத்தத்தில் கடைசியிலிருந்து நான்காவது. ஆனால் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்களில் முடித்தது மூன்றே பேர். அதனால்தான் மேடை.

அறிவிப்பாளர் என் பெயரை ஒருவாறு சொல்லி முடித்து, ஊரில் முட்டிக்கொண்டார். "தலா... தலவகெல்? மேடம், இது வடமேற்கே பிரெத்தாஞ் மாகாணப் பக்கமா?" கூட்டம் சிரித்தது. ஒலிவாங்கியை என் வாய்க்குக் கொண்டுவந்தார்.

முன்வரிசையில் மாமி நின்றார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர்.

என் பிரெஞ்சு அழகான பிரெஞ்சு அல்ல. துண்டு துண்டாகத்தான் வரும். துண்டு துண்டாகவே சொன்னேன்: "இல்லை. இலங்கை. மலைநாடு. தேயிலைத் தோட்டம். என் அம்மா கொழுந்து பறித்தார். என் அக்கா இன்றைக்கும் பறிக்கிறார். நானும் பறித்தேன். அங்கேயும் சரிவு. அங்கேயும் நிரை. அதனால்தான் ஏறினேன்."

பின்னாலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர், கையில் கிளாஸோடு, "அப்படியானால் நீ எங்கள் ஆள்!" என்று கத்தினார். கைதட்டல் எழுந்தது. சொஃபி விசில் அடித்தாள்.

மேடையிலிருந்து இறங்கியபோது மாமி கணவரிடம் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. "என்ன சிவா, இவ கண்டி எண்டெல்லோ சொன்னனி?"

"பொய் மாமி," என்றார் அவர். குரல் தாழவில்லை. "தலவாக்கலைத் தோட்டம்தான் அவவின்ர ஊர். கண்டி எண்டு நான்தான் சொல்ல வைச்சனான். பிழை என்ர."

மாமி என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. கடைசியில் அவர்தான் எடுத்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டிலேயே இருந்தார், அதிகம் பேசவில்லை. அவரிடமிருந்து வேறொன்றையும் நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டியதை என் கணவர் சொல்லிவிட்டார்.

பரிசாக ஆறு போத்தல் வைன் கொடுத்தார்கள். அக்காவுக்குப் போனில் காட்டினேன்.

"என்னாடி இது, சைக்கிள் ஓட்டுனதுக்குச் சாராயமா குடுக்குறாங்க?"

"வைன் அக்கா."

"எல்லாம் ஒன்னுதான். சரி, ஊரு பேர மைக்குல சொன்னியாமே? நெலானி சொல்லுச்சு."

"சொன்னேன்."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசலில் நின்று யாரையோ உரக்கக் கூப்பிடுவது கேட்டது: "ஏ மாரியாயி! செல்வி! இங்க வாங்கடி! நம்ம தவமணி என்னா செஞ்சிருக்கா பாருங்க!" திரையில் லயத்துக் கூரையின் ஒரு துண்டு மட்டும் தெரிந்தது. அதற்கு அடியில் காலடிகள் ஓடி வரும் சத்தம்.

8

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நிலானி தான் போனில் எடுத்த மேடை வீடியோவைத் தமிழ் எழுத்துகளோடு இணையத்தில் போட்டுவிட்டாள். இப்போது தமிழ் எழுத்தை அக்காவிடம் போனில் கற்றுக்கொள்கிறாள். "க்" எங்கே வரும் என்பதில் இருவருக்கும் சண்டை. வீடியோவைப் பார்த்துவிட்டு மொன்பெலியே நகரப் பக்கத்திலிருந்து இரண்டு தமிழ்ப் பெண்கள் கேட்டார்கள், எங்களுக்கும் பழக்குவீர்களா என்று. பிறகு இன்னும் இருவர். இப்போது ஞாயிறு காலைகளில் ஏழு பேர். வெள்ளைப் பாதையில் கொடிகளுக்கு நடுவே, சிலர் தலைக்கவசத்துக்கு அடியில் பூவோடு. டிராக்டர்காரர்கள் ஒதுங்கி நின்று கை காட்டுகிறார்கள். என் கணவர் டயர்களுக்குக் காற்றுப் பார்த்துக் கொடுத்துவிட்டு, முதல் ஏற்றத்தின் அடியிலேயே மரநிழலில் உட்கார்ந்துவிடுகிறார்.

போன ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார். பவளம் அக்கா என்றார்கள். அறுபது வயது இருக்கும். பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம். வல்வெட்டித்துறையில் மணம் முடித்து, முப்பது வருடத்துக்கு முன் பிரான்சுக்கு வந்தவர். "எனக்கு ஏலுமோ தெரியேல்லை, பிள்ளை. மகன் போட்டுக் காட்டினவன், அதுதான் வந்தனான்," என்று எல்லோர் முன்னாலும் தெளிந்த வடமராட்சித் தமிழில், என் கணவரின் ஊர்ப் பேச்சில், சொன்னார்.

மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள். நான் அவருடைய சீட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். கொடிகள் முடிந்து பாதை மேலே திரும்பும் இடத்தில், சின்ன ஏற்றம்தான், காலை ஊன்றி நின்றுவிட்டார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"புள்ள," என்றார்.

அந்த ஒரு சொல்லிலேயே எங்கள் மலைநாடு கேட்டது. அது வேறு குரல்.

"நாங்களும் தோட்டந்தான் புள்ள, ஒடப்புசல்லாவ பக்கம். கலவரத்துல எங்கள லொறியில ஏத்தி கிளிநொச்சிக்கு அனுப்புனாங்க. எனக்கு அப்ப பன்னெண்டு வயசு. கல்யாணத்தப்ப மறைச்சது, அப்பிடியே போயிருச்சு. அவருக்குக்கூட தெரியாது. போன வருசம்தான் செத்தாரு."

அவருடைய கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை, ஆனால் அழவும் இல்லை. முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு மெல்ல மெல்ல விரிந்தது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வரும் சிரிப்பு.

"என்னா பாக்குற? இந்த ஏத்தம்லாம் ஒரு ஏத்தமா?" என்றார். "தள்ளு புள்ள."

தள்ளினேன்.